மோசமான நாளுக்கு அளவெடுங்கள்: பழக்கம் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்க முடிவெடுக்கிற நாள் பெரும்பாலும் நல்ல நாளாகத்தான் இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்திருப்போம், யாரோ ஒருவர் சாதித்ததைப் பற்றிப் படித்திருப்போம், மனசு பொங்கிக்கொண்டிருக்கும். அந்த வேகத்திலேயே நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுவது, ஒரு மணி நேரம் நடப்பது, இரவில் ஐம்பது பக்கம் படிப்பது என்று ஒரே மூச்சில் திட்டம் போட்டுவிடுவோம். முதல் வாரம் அது நடக்கவும் செய்யும். அப்புறம் ஒரு நாள் வேலை இழுத்துவிடும், அல்லது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது முந்தின ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டோம். அன்றைக்குத் திட்டம் விழும், மறுநாளும் எழாது, இரண்டு வாரம் கழித்து "எனக்கெல்லாம் மன உறுதி போதாது" என்று நமக்கு நாமே தீர்ப்பும் எழுதிக்கொள்வோம்.

அந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் உறுதியான எண்ணம். கோளாறு அளவெடுத்ததில் இருக்கிறது. உற்சாகமாக இருக்கிற நாளில் உட்கார்ந்து, உற்சாகமாக இருக்கிற நாளுக்குப் பொருந்துகிற மாதிரி தைத்துக்கொண்ட சட்டை, களைத்துப்போன நாளில் உடம்பில் ஏறாமல் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாள்தோறும் செய்ய வேண்டிய ஒன்றுக்கு மோசமான நாளில்தான் அளவெடுக்க வேண்டும். இதுவரை எதைத் தொடங்கினாலும் பாதியில் நின்றுபோகிறது என்று நினைப்பவர்களுக்காக, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், ஒன்றே ஒன்று

"உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்", "நிறையப் படிக்க வேண்டும்", "கோபத்தைக் குறைக்க வேண்டும்" என்பதெல்லாம் ஆசைகள். ஆசையை அப்படியே பழக்கமாக்க முடியாது, ஏனென்றால் அதை எந்த நிமிஷத்தில் செய்தோம், எந்த நிமிஷத்தில் செய்யவில்லை என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. எனவே அதை ஒரு செயலாக மாற்றுங்கள். உடம்பு என்றால் ஷூ மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவது. படிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி படிப்பது. கோபம் என்றால் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை மூச்சை முழுசாக வெளியே விடுவது. புது மொழி என்றால் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வது. செலவு கட்டுக்குள் இல்லை என்றால் அன்றைய செலவை ஒரு வரியில் எழுதுவது. பக்கத்தில் நின்று ஒருவர் வீடியோ எடுத்தால் அந்தச் செயல் அதில் தெரிய வேண்டும். தெரியாது என்றால் நீங்கள் இன்னும் ஆசையிலேயே நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

மனதில் நாலைந்து விஷயங்கள் வரிசை கட்டி நிற்கும், அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். தொடக்க வாரங்களில் எந்தப் புதுச் செயலும் தானாக நடக்காது, ஒவ்வொரு முறையும் நினைவு வைத்து நாமேதான் நகர்த்த வேண்டும், அந்த நினைவையும் கவனத்தையும் நான்காகப் பங்கு போட்டால் எதற்குமே போதாது. பெஞ்சமின் பிராங்க்ளின் இளம் வயதில் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டு ஒரு சிறு நோட்டில் கட்டம் கட்டி வைத்திருந்தார். அவரும்கூட அந்தப் பதின்மூன்றையும் ஒரே நேரத்தில் துரத்தவில்லை, வாரத்துக்கு ஒன்று என்று அதில் மட்டும் கண்ணை வைத்தார்.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் இப்படி யோசியுங்கள்: இவற்றில் எது நடந்தால் மற்றவை கொஞ்சம் சுலபமாகும்? நிறையப் பேருக்கு இதற்கு விடை தூக்கமாக இருக்கும். போதிய தூக்கமே இல்லாத ஒருவர் காலை ஐந்து மணிப் பழக்கத்தைத் தொடங்குவதைவிட, இரவில் விளக்கை அணைக்கிற நேரத்தை முதலில் ஒழுங்குபடுத்துவது எத்தனையோ மேல். இன்னொன்று, அந்தச் செயல் உங்களுக்குத் தேவையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக எடுத்துக்கொண்ட பழக்கம் முதல் சலிப்பிலேயே கழன்றுவிடும்.

ஜுரத்திலும் செய்யக்கூடிய அளவு

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், எனவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எடுத்துக்கொண்ட செயலை மனதில் வைத்துக்கொண்டு, போன மாதத்தில் உங்களுக்கு வந்த மிக மோசமான நாளை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து தாமதமாக வந்து, தலைவலியோடு, யாரோடும் பேசப் பிடிக்காமல் கட்டிலில் விழுந்த நாள். அந்த நாளில் அந்த நேரத்தில் இதைச் செய்திருப்பீர்களா? பத்துப் பக்கம் படித்திருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் ஐந்து பக்கம்? ஒரு பக்கம்? ஒரு பத்தி? "சரி, ஒரு பத்தி என்றால் படித்துவிட்டே படுத்திருப்பேன்" என்று மனம் எந்த அளவில் இறங்கி வருகிறதோ, அதுதான் உங்கள் கீழ் அளவு. அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனித நடத்தையை ஆராயும் பி. ஜே. ஃபாக், பல் இடுக்கை நூல் விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கத்துக்கு ஒரே ஒரு பல்லில் தொடங்கச் சொல்கிறார். அந்த அளவுக்குச் சின்னதாக வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனம் இருக்கிற நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் கூடச் செய்யலாம், அதற்குத் தடையே இல்லை. ஒரு பத்தி என்று உட்கார்ந்தவர் இருபது பக்கம் படித்துவிட்டு எழலாம். ஆனால் அந்த இருபதை நாளைய கணக்காக்கக் கூடாது. நாளைக்கும் கீழ் அளவு ஒரு பத்திதான். ஒரு வாரம் ஓடியதும் "இவ்வளவு சுலபமாகப் போகிறதே, அரை மணி ஆக்கிவிடலாம்" என்று கை ஊறும். அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், கீழ் அளவை உயர்த்தினால் பழைய கதைதான்.

ஒரு பத்தி படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒரு பத்தியில் அறிவு பெரிதாக வளர்ந்துவிடாது. அந்த வாரங்களில் உருவாவது வேறு, அது தொடங்குகிற வேலை தானாக நடக்கும் தன்மை. எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் என்ற நரம்பியல் அறிஞரும் அவர் குழுவும் எலிகளை ஆங்கில டி எழுத்து வடிவப் பாதையில் ஓடவிட்டு, பேசல் கேங்லியா என்கிற மூளையின் அடிப்பகுதியில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்தார்கள். பாதை புதிதாக இருந்தபோது ஓட்டம் முழுக்க அந்தப் பகுதியின் நரம்பணுக்கள் வேலை செய்துகொண்டே இருந்தன. ஓடி ஓடிப் பழகிய பிறகு, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் பலமாகத் துடித்தன, நடுவில் அடங்கிவிட்டன. தொடக்கமும் முடிவும் உள்ள ஒரே துண்டாக மூளை அந்த ஓட்டத்தைக் கட்டி வைத்துக்கொண்டது. பழக்கத்தில் தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பத்தி படித்தாலும் ஒரு மணி நேரம் படித்தாலும் தொடங்குவது ஒரே மாதிரிதான், அதைத் தினமும் செய்து பார்க்க ஒரு பத்தி போதும்.

எதற்குப் பின்னால் என்று எழுதுங்கள்

"நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்" என்றால் நடக்காது, அது எல்லோருக்கும் தெரியும். "இரவு ஒன்பது மணிக்கு" என்பது பரவாயில்லை, ஆனால் ஒன்பது மணிக்கு நீங்கள் எங்கே, எந்த நிலையில் இருப்பீர்கள் என்பது நாளுக்கு நாள் மாறும். நான் சொல்வது மூன்றாவது வழி: ஏற்கெனவே தவறாமல் செய்துவருகிற ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிடுவது. பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிட உட்காருவது, வீட்டைப் பூட்டுவது, போனைச் சார்ஜில் போடுவது எல்லாம் யாரும் நினைவூட்டாமலே தினமும் நடக்கிற காரியங்கள்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1990களில் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தார். "இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக முடிவு செய்துகொண்டவர்கள், "இதைச் சாதிக்க வேண்டும்" என்று மட்டும் உறுதி எடுத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. 2002-ல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், அடுத்த வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிஷம் நன்றாக உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதி வைத்தவர்களில் நூற்றுக்கு 91 பேர் செய்தார்கள். உடற்பயிற்சி இதயத்துக்கு எவ்வளவு நல்லது என்று படிக்கக் கொடுத்து ஊக்கம் மட்டும் தரப்பட்டவர்களில் செய்தவர்கள் நூற்றுக்கு நாற்பதைக்கூட எட்டவில்லை. ஊக்கம் கிடைக்காமல்தான் நாம் நிற்கிறோம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

வாக்கியம் எழுதும்போது துல்லியம் வேண்டும். "சாப்பிட்ட பிறகு நோட்டில் ஒரு வரி எழுதுவேன்" என்பது பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட பிறகு என்பது எப்போது? கடைசி வாய்க்குப் பிறகா, கை கழுவிய பிறகா, பாத்திரமெல்லாம் எடுத்து வைத்த பிறகா? அந்த இடைவெளியில் போன் கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். "கை கழுவித் துடைத்த துண்டை மாட்டியதும், அங்கேயே பக்கத்தில் இருக்கிற நோட்டை எடுத்துத் தேதி போடுவேன்" என்று எழுதினால், துண்டை விட்ட கை அடுத்து எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு செயலின் கடைசி அசைவைப் பிடித்து எழுதுவது என்றால் இதுதான்.

இரண்டும் ஒரே இடத்தில் நடப்பதாகவும் இருக்கட்டும், குளியலறையில் முடிகிற காரியத்தோடு மொட்டைமாடியில் செய்ய வேண்டியதைக் கட்டினால் நடுவில் ஆயிரம் குறுக்கீடு வரும். கட்டப்படுகிற பழைய செயல் உண்மையிலேயே தினமும் நடப்பதா என்றும் பாருங்கள். விடுமுறை நாளில் நடக்காத ஒன்று, உதாரணமாக வேலைக்குக் கிளம்புவது, விடுமுறை நாளில் உங்களைக் கைவிட்டுவிடும்.

இடத்தைச் சரி செய்யுங்கள்

2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சினிமா தியேட்டருக்கு வந்தவர்களில் சிலருக்கு அப்போது பொரித்த பாப்கார்னையும் சிலருக்கு ஒரு வாரம் பழசான, நமுத்துப்போன பாப்கார்னையும் கொடுத்தார்கள். தியேட்டரில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், பழசு நன்றாகவே இல்லை என்று சொல்லிக்கொண்டே, புதியது கிடைத்தவர்கள் அளவுக்குத் தின்றார்கள். அதே சோதனையைக் கூட்டம் நடத்துகிற ஓர் அறையில் செய்தபோது அப்படி நடக்கவில்லை. வழக்கமான கையை விட்டு மற்றக் கையால் எடுத்துச் சாப்பிடச் சொன்னபோதும் பழசு கிடைத்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். பிடிக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் தாண்டி, இருட்டும் திரையும் இருக்கையும் சேர்ந்து கையை இயக்கியிருக்கின்றன. இந்த ஆய்வில் பங்கெடுத்த வெண்டி வுட், இதற்கு முன்பே மக்களிடம் மணிக்கொரு முறை என்ன செய்கிறீர்கள் என்று குறித்து வாங்கியதில், அன்றாடம் செய்கிறவற்றில் ஏறக்குறைய 43 சதவீதம் தினமும் அதே இடத்தில், பெரும்பாலும் வேறெதையோ நினைத்துக்கொண்டே செய்யப்படுகின்றன என்று கண்டார்.

ஆக, இடத்தை நம் பக்கம் இழுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இரவில் படிக்கிற பழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் அலமாரியில், போன் தலையணைக்குப் பக்கத்தில் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சார்ஜரைக் கழற்றிக் கொண்டுபோய் அறைக்கு வெளியே, முடிந்தால் எழுந்து நாலைந்து அடி நடந்தால்தான் எட்டுகிற ஒரு பிளக்கில் மாட்டுங்கள். காலை அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பது இதற்கு எப்போதும் வரும் சாக்கு. தனியாக ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வைத்துக்கொண்டால் அந்தச் சாக்கும் தீர்ந்தது. புத்தகத்தைத் தலையணை மேலேயே வைத்துவிடுங்கள், அதை எடுக்காமல் படுக்க முடியாது. விட்ட பக்கத்தில் அடையாளம் வையுங்கள், கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியும் அங்கேயே இருக்கட்டும். கண்ணாடியைத் தேடி அடுத்த அறைக்குப் போகிற அரை நிமிஷத்தில் பழக்கம் செத்துப்போகும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் களைத்த ராத்திரியில் அந்த அரை நிமிஷம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வேண்டியது கண்ணில் படும்படி, கைக்கு எட்டும்படி. வேண்டாதது எழுந்துபோய் எடுக்கும்படி. உங்கள் பழக்கம் எதுவானாலும் இதை ஒரு தடவை செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

எத்தனை நாள் ஆகும்?

21 நாள் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்கள். 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று கவனித்து எழுதினார். வாய்க்கு வாய் மாறி அந்தக் "குறைந்தது" கழன்று விழுந்து, முகத்துக்குப் பழகுவது என்பதும் எல்லாப் பழக்கமும் என்றாகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் இதை நேரடியாக அளந்தார்கள். 96 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த ஒரு சிறு செயலை, தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள், எவ்வளவு தானாக நடக்கிறது என்று தினமும் மதிப்பெண் போட்டார்கள். செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட ஆகும் காலம் நடுவாக 66 நாள் வந்தது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதன் இரண்டு ஓரங்கள்: ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு சொன்னது. தண்ணீர் குடிப்பது மாதிரிச் சுலபமானது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. எனவே 66 என்ற எண்ணையும் கெடுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று மாதம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு இறங்குங்கள், அதற்கு முன்னால் அமைந்துவிட்டால் சந்தோஷம்.

இந்த மாதங்கள் எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தெரியாமல் போனால் பயந்துவிடுவீர்கள். முதல் சில நாட்கள் புதுசு என்பதாலேயே ஓடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் புதுசும் தீர்ந்திருக்கும், பழக்கமும் ஆகியிருக்காது, பலனும் கண்ணில் படாது. சலிப்பு வரும். "இதில் ஏதாவது பிரயோஜனம் இருக்கிறதா?" என்று கேள்வி வரும். எல்லோருக்கும் வருகிற கட்டம் அது, கீழ் அளவைச் சின்னதாக வைக்கச் சொன்னதே இந்த வாரங்களைக் கடக்கத்தான். சலிப்போடேயே ஒரு பத்தி படித்துவிட்டுப் படுங்கள். சலிப்போடு படித்த பத்தியும் கணக்கில் சேரும்.

விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். எவ்வளவு சின்னதாக வைத்தாலும் ஏதோ ஒரு நாள் விட்டே போகும்.

மேலே சொன்ன லண்டன் ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஆகவே அந்த ஒரு நாளால் எந்தச் சேதமும் இல்லை. சேதம் வருவது அடுத்த நாள் நாம் செய்கிறதால். சிலர் நேற்றையதையும் சேர்த்து இன்று இரண்டு மடங்கு செய்ய உட்காருவார்கள், அது பாரமாகி இன்றையதும் போய்விடும். சிலர் தொடர்ச்சி அறுந்துவிட்டதே என்ற வருத்தத்தில், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, இல்லை ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்று தள்ளிப்போடுவார்கள். புது வாரம், புது மாதம், பிறந்த நாள் போன்ற நாட்களில் மனிதர்களுக்குத் தொடங்கும் உற்சாகம் கூடுகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்ததுதான். தொடங்க அது உதவட்டும், காத்திருக்கக் காரணமாகிவிட வேண்டாம். விட்ட மறுநாள் செய்ய வேண்டியது கீழ் அளவு மட்டுமே. பாக்கி கிடையாது, அபராதம் கிடையாது.

அடுத்தடுத்து இரண்டு நாள் விட்டால் உட்கார்ந்து ஒரு நிமிஷம் பாருங்கள். காரணம் அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும். செய்ய நினைத்தும் மனம் வரவில்லை என்றால் அளவு பெரிது, வெட்டுங்கள். படுக்கும்போதுதான் ஞாபகமே வந்தது என்றால் கட்டிய இடம் தப்பு, வேறொரு செயலின் வாலில் கட்டுங்கள். ஞாபகமும் வந்தது, மனமும் இருந்தது, ஆனால் புத்தகத்தைக் காணோம், நோட்டில் பேனா இல்லை, நடுவில் போன் வந்தது என்றால் இடத்தைச் சரி செய்யுங்கள். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்து மாற்றும் வரைக்கும் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளும் வேலையைத் தள்ளி வையுங்கள். மாற்றிவிட்டால் அப்புறம் திட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

குறித்து வைப்பது

காலண்டரில் ஒரு டிக் போதும். ஆப் வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணிக் காட்டி, ஒரு நாள் விட்டதும் சைபருக்கு இறக்கிவிடுகிற ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடந்த அத்தனையையும் ஒரு விடுப்பு அழித்துவிடுவது போன்ற தோற்றத்தை அது உண்டாக்குகிறது. மாதத்துக்கு எத்தனை டிக் என்று மொத்தமாகப் பாருங்கள். முப்பதில் இருபத்தைந்து இருந்தால் அருமை. டிக் போடுவது செய்து முடித்த கையோடு நடக்க வேண்டும், ராத்திரி யோசித்துப் போடுகிற டிக்குக்கு மதிப்பு குறைவு.

பழக்கம் வேறு, வளர்ச்சி வேறு

தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஒரு வருஷத்தில் 37 மடங்கு ஆகிவிடலாம் என்று ஒரு கணக்கு உலாவுகிறது. கூட்டு வட்டிக் கணக்காக அது சரிதான். ஆனால் மனிதத் திறமை அப்படி ஏறுவதில்லை. தொடக்கத்தில் வேகமாக ஏறும், அப்புறம் மெதுவாகும், சில மாதம் அசையாமல் நிற்கும், திடீரென்று ஒரு படி ஏறும். 37 மடங்கை நம்பி இறங்கியவருக்கு மூன்றாம் மாதம் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நேர்மையான கணக்கு இது: நாளுக்கு பத்து நிமிஷம் என்றால் வருஷத்துக்கு 60 மணி நேரம். நாளுக்குப் பத்துப் பக்கம் என்றால் வருஷத்துக்கு 3650 பக்கம், சராசரி அளவில் பதினைந்து புத்தகம். மாயமில்லை, ஆனால் கொஞ்சமுமில்லை. அதோடு, சிதறிக் கிடக்கிற நேரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே, தன்னையே சோதனைக்கு ஆளாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து பார்த்தார். ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பச் சொல்லி அடைந்த பலனை, மூன்று நாளில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே அடைந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மொழி கற்கிறவரைவிட, தினமும் இருபது நிமிஷம் கற்கிறவர் அதிகம் நினைவில் வைத்திருப்பார் என்பதற்கு அடித்தளம் அங்கே இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சித்திரமும் கைப்பழக்கம் என்பது உண்மைதான், என்றாலும் ஒரே கோட்டை ஒரே மாதிரி வருஷக்கணக்கில் இழுத்தால் கை பழகுமே தவிரச் சித்திரம் மேம்படாது. எதுவும் முழுக்கத் தானாக நடக்கத் தொடங்கிவிட்டால் அதில் கவனம் போய்விடும், கவனம் போன இடத்தில் திறமை நின்றுவிடும். வருஷக்கணக்காகத் தட்டச்சு செய்கிற எல்லோருக்கும் வேகம் கூடிக்கொண்டே போவதில்லையே. எனவே உட்காருவதை மட்டும் பழக்கத்திடம் விட்டுவிடுங்கள். உட்கார்ந்த பிறகு செய்வதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது கஷ்டமான ஒன்றை நுழையுங்கள். நடக்கிறவர் ஒரு நாள் மேடான பாதையில் போகட்டும். படிக்கிறவர், படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று வரியில் எழுதிப் பார்க்கட்டும். மொழி கற்கிறவர் தனக்குத் தானே பேசாமல் வேறொருவரிடம் பேசிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கிறதோ அங்கே அடுத்த வாரப் பாடம் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்காகவே முதல் நாளில் ஓர் அடையாளம் எடுத்து வைப்பது நல்லது: அந்த மொழியில் நீங்கள் பேசிய ஒரு நிமிஷ ஒலிப்பதிவு, அன்று எழுதிய ஒரு பக்கம், ஒரு குறிப்பிட்ட தூரத்தை நடக்க ஆன நேரம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அந்தப் பழைய பதிவைக் கேட்கும்போது தெரியும்.

விட வேண்டிய பழக்கங்கள்

இதையும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாக. பாப்கார்ன் ஆய்வு சொல்வது இங்கேயும் பொருந்தும்: மனதோடு மல்லுக்கட்டுவதைவிடச் சூழலை மாற்றுவது சுலபம். தூண்டுகிற பொருளை எட்டாத இடத்தில் வையுங்கள், வழக்கமான நாற்காலியை மாற்றுங்கள், அந்த நேரத்தில் கைக்கு வேறொரு வேலை கொடுங்கள். வீடு மாறும்போது, புது வேலையில் சேரும்போது பழைய தூண்டுதல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்துபோகின்றன, அந்த முதல் சில வாரங்களை வீணாக்காதீர்கள். குடி, புகை போன்று உடம்பே அடிமைப்பட்டுவிட்ட விஷயங்களுக்கு இந்தக் கட்டுரை போதாது, மருத்துவரிடம் போவதுதான் சரி.

இரண்டாவது பழக்கம் எப்போது?

முதலாவது படிந்துவிட்டதா என்பதற்கு நாள் கணக்கு பார்க்க வேண்டாம். செய்வோமா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்பே கை அந்த நோட்டை எடுத்திருக்கும். செய்யாத நாளில் எதையோ மறந்த மாதிரி உறுத்தும். இந்த இரண்டும் சில வாரம் தொடர்ந்தால் அடுத்ததை எடுக்கலாம். அதற்கும் இதே முறைதான்: ஒரே செயல், மோசமான நாளின் அளவு, ஒரு வாக்கியம், இடத்தில் ஒரு மாற்றம். பெரும்பாலும் முதல் பழக்கத்தின் வாலே இரண்டாவதைக் கட்ட நல்ல இடமாக அமையும், ஒரு பத்தி படித்து மூடிய புத்தகத்தின் மேலேயே நாளைக்கான நோட்டு இருக்கலாம். வேலை நெருக்கி இரண்டையும் தாங்க முடியாத வாரம் வந்தால் இரண்டாவதைத் தயங்காமல் நிறுத்தி வையுங்கள், முதலாவதன் கீழ் அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.